காரா-பெத் பர்ன்ஸைடும் சம பரிசும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 14 வயது ஆஸ்திரேலியச் சிறுமி அரிசா ட்ரூ, சக்கரப் பலகையில் ஆடும் ஸ்கேட்போர்டிங்கில் தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து என் மகள் அந்த விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே நானும் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் காரா-பெத் பர்ன்ஸைட் என்பவரை இத்துறையின் முன்னோடிப் பெண் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். வேறு சில இடங்களில், 1960களிலேயே பேட்டி மெக்கீ என்பவர் சாம்பியனாக இருந்ததாகப் போட்டிருக்கிறது. இதில் எது சரி? பர்ன்ஸைட் நடுவில் பல ஆண்டுகள் பனியில் பலகைமேல் சறுக்கும் ஸ்னோபோர்டுக்குப் போய்விட்டார் என்றும் படித்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனவரை ஒரு துறையின் முன்னோடி என்று கொண்டாடுவது பொருந்துமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆண்களுக்குச் சமமான பரிசுத் தொகை வேண்டும் என்று அவரும் தோழிகளும் போட்டியைப் புறக்கணிக்கப் போவதாக அறிவித்தார்களாம். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவள். அன்று களத்தில் இருந்த பெண்கள் மிகச் சிலர், ஆண்களின் ஆட்டத் தரமோ பல படிகள் மேலே. வருமானத்தையும் தரத்தையும் பார்க்காமல் சமமாகக் கொடு என்பது நியாயமா என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கா. மீ., திருச்சி

*

அன்புள்ள கா. மீ.,

யார் முதல் என்பதை முதலில் முடித்துவிடலாம். காலவரிசைப்படி பேட்டி மெக்கீதான். கலிபோர்னியாவின் சான் டியகோவில் அலைச்சறுக்கு ஆடி வளர்ந்த மெக்கீ, 1964இல் சாண்டா மோனிகாவில் நடந்த தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவை வென்றார். 1965 மே மாதம் லைஃப் வார இதழின் அட்டையில், ஓடும் பலகையின்மேல் தலைகீழாகக் கையூன்றி நின்றவர் அவர்தான். ஒரு பலகை நிறுவனம் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பி ஆடிக்காட்டச் சொன்னது. ஸ்கேட்போர்டிங் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே, 2010இல். உங்கள் மகள் பார்த்த அந்தப் பாரிஸ் போட்டி முடிந்து இரண்டு மாதம் கழித்து, 2024 அக்டோபரில், 79ஆம் வயதில் காலமானார்.

மெக்கீக்கும் பர்ன்ஸைடுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே இருக்கிறது. 1975இல் டெல் மார் போட்டியில், சமதளத்தில் வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைலில் பெண்கள் பிரிவை வென்ற பெக்கி ஓகி, தன் பெயரிலேயே லோகன் எர்த் ஸ்கி நிறுவனம் பலகை விற்கும் அளவுக்குப் புகழ்பெற்றிருந்த லாரா தார்ன்ஹில், எலன் ஓநீல் என்று பலர். அப்படியிருந்தும் ஒவ்வொரு பத்திருபது ஆண்டுக்கும் ஒரு "முன்னோடிப் பெண்" புதிதாக முளைப்பது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதுபவர்களின் கவனக்குறைவு அதற்கு ஒரு காரணம்தான். முக்கியமான காரணம் அந்த விளையாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிறது.

ஸ்கேட்போர்டிங் சீராக வளர்ந்த விளையாட்டு அல்ல. மூன்று முறை உச்சத்துக்குப் போய் மூன்று முறையும் சரிந்திருக்கிறது. 1960களில் சக்கரங்கள் இரும்பாலும் சுட்ட மண் கலவையாலும் ஆனவை. சாலையில் ஒரு சிறு கல் தட்டினாலும் பலகை அங்கேயே நிற்கும், மேலிருப்பவர் பறப்பார். மருத்துவர்கள் எச்சரித்தார்கள், பல நகரங்கள் தடை விதித்தன, 1965 முடிவதற்குள் மோகம் அடங்கிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் யுரேத்தேன் சக்கரம் வந்தபின் மீண்டும் உயிர் வந்து, கலிபோர்னியா முழுவதும் கான்கிரீட் ஸ்கேட் பார்க்குகள் எழுந்தன. அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் காப்பீட்டுக் கட்டணம் கட்டுப்படியாகாமல் அவற்றில் பெரும்பாலானவை இடித்து நிரப்பப்பட்டன. 1980களில் செங்குத்துச் சுவர்களில் ஆடும் வெர்ட் பிரிவு கோலோச்சியது. 1990களின் தொடக்கத்தில் அதுவும் விழுந்து, படிக்கட்டிலும் கைப்பிடிக் கம்பியிலும் ஆடும் ஸ்ட்ரீட் பிரிவு மேலே வந்தது. ஒவ்வொரு சரிவின்போதும் போட்டி நடத்துபவர்களும் ஸ்பான்சர்களும் செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது பெண்கள் பிரிவில்தான். அது ஒருமுறை நின்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். அடுத்த எழுச்சியில் வரும் சிறுமிக்கு முன்னால் யார் ஆடினார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. அவள் மீண்டும் முதல் பெண் ஆகிவிடுவாள்.

பர்ன்ஸைடின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். 1968இல் பிறந்த அவர், கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் இருந்த பிக் ஓ ஸ்கேட் பார்க்கில் சிறுமியாக ஆடத் தொடங்கினார். அவர் தேறி வரும் நேரத்தில் பார்க்குகள் மூடப்பட்டன. 1980களின் பிற்பகுதியில், வீட்டுப் பின்கட்டுகளில் பையன்கள் அடித்துவைத்திருந்த, இருபுறமும் வளைந்து உயரும் மர ராம்ப்கள்தான் களம், பெண்களுக்கென்று தனிப்பிரிவு பெரும்பாலும் கிடையாது. அந்தச் சூழலில் ஆண்களோடு ஆடியே பெயர் வாங்கி, 1989 ஆகஸ்டு மாதம் த்ராஷர் இதழின் அட்டைக்கு வந்தார். அந்த இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். இரண்டாவதாக ஜேமி ரெயஸ் வந்தது 1994இல், மூன்றாவதாக லிஸி அர்மாண்டோ வந்தது 2017இல். ஸ்கேட்போர்டிங்கின் வேதம் என்று சொல்லத்தக்க ஒரு மாத இதழ், 28 ஆண்டுகளில் மூன்றே பெண்களை அட்டையில் போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் "மிகச் சிலர்" எப்படி மிகச் சிலராகவே இருந்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு விடை. கடையில் தொங்கும் அட்டையில் தன்னைப் போன்ற ஒருத்தியைப் பார்க்காத சிறுமி பலகை வாங்கித் தரச் சொல்லி ஏன் அடம்பிடிக்கப் போகிறாள்?

ஸ்னோபோர்டுக்குப் போனதைப் பற்றி உங்களுக்கு இருக்கும் தயக்கம் எனக்கு இல்லை. வெர்ட் சரிந்த 1990களின் தொடக்கத்தில் ஆண்களிலேயே முன்னணியில் இருந்தவர்கள் ஸ்பான்சரை இழந்து வேறு வேலை தேடினார்கள். பர்ன்ஸைட் தேடியது பனிமலையில். அங்கே ஹாஃப்பைப் என்பது பனியில் வெட்டிய வெர்ட் ராம்ப்தான். உடல் கற்ற பாடம் அப்படியே உதவும், புதிய விளையாட்டு என்பதால் பெண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தனிப்பிரிவும் இருந்தது. 1998இல், ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நடத்திய எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியின் குளிர்காலப் பதிப்பில், ஹாஃப்பைப்பில் தங்கம் வென்றார். அதே ஆண்டு நாகானோவில், ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம்பெற்ற ஒலிம்பிக்கில், அமெரிக்க அணிக்காக ஆடி நான்காவதாக வந்தார். மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் வெண்கலம் கைநழுவியது, அதைப் பெற்றவர் சக அமெரிக்கரான ஷானன் டன். அப்போது பர்ன்ஸைடுக்கு வயது 29. பனியில் கிடைத்த பணமும் பெயரும் அவர் ஸ்கேட்போர்டை விடாமல் வைத்திருக்க உதவின. வேன்ஸ் நிறுவனம் ஒரு பெண்ணின் பெயரில் முதன்முதலாகக் காலணி வெளியிட்டபோது அது பர்ன்ஸைடின் பெயரில்தான் வந்தது. பாதியில் விட்டுவிட்டுப் போனவர் என்று நீங்கள் படித்த இடத்தில் எழுதியிருந்தால், எழுதியவர் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு கோணமும் உண்டு. இரண்டு விளையாட்டுகளிலும் தொழில்முறையாக ஆடியதால், பெண்களை எப்படி நடத்தலாம் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் அவர் கையில் இருந்தது. பனியில் பெண்கள் இறுதிச்சுற்று தொலைக்காட்சியில் வரும். ராம்பில் வராது. இந்த வேறுபாட்டை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் அன்று அவரளவுக்கு வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கு விதை அங்கே விழுந்தது என்பது என் ஊகம்.

இனி பரிசுத் தொகைக்கு வருகிறேன். ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி எக்ஸ் கேம்ஸைத் தொடங்கியது 1995இல். அதில் பெண்களுக்கு ஸ்கேட்போர்டிங் பதக்கப் போட்டி வைக்கப்பட்டது 2003இல். அடுத்த ஆண்டு வெர்ட் தங்கத்தை லின்-ஸீ ஆடம்ஸ் ஹாக்கின்ஸ் என்ற 14 வயதுப் பெண் வென்றார். பர்ன்ஸைட் த்ராஷர் அட்டையில் வந்த 1989இல் பிறந்தவர் அவர். பர்ன்ஸைடும் அந்த ஆண்டுகளில் அதே வெர்ட் பிரிவில் தங்கம் வென்றார், வயது முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு. ஆண்கள் வெர்ட்டில் முதலிடத்துக்கு 50,000 டாலர் கொடுத்த அதே மேடையில் பெண்கள் வெர்ட் முதலிடத்துக்குக் கிடைத்தது 2,000 டாலர். இருபத்தைந்தில் ஒரு பங்கு.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் அந்த 2,000 டாலரைச் சற்று நெருக்கத்தில் பார்க்கக் கேட்கிறேன். வெர்ட் ராம்ப் சுமார் 13 அடி உயரம், அதில் உச்சியை ஒட்டிய கடைசி ஓரிரு அடி சுவர்போல் செங்குத்தாக நிற்கும். விளிம்பில் ஓர் இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள், கோப்பிங் என்று பெயர். ஆடுபவர் பலகையின் வால்பகுதியை அந்தக் குழாயின்மேல் ஒரு காலால் அழுத்தி, முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்க, கீழே பார்த்தபடி நிற்கிறார். பிறகு எடை முழுவதையும் முன்காலில் போட்டு விழ வேண்டும். விழுந்தாக வேண்டும், ஏனென்றால் பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை மட்டும் முன்னே ஓடிவிடும், ஆள் முதுகடிபட 13 அடி கீழே வருவார். எதிர்ச்சுவரில் ஏறி, விளிம்புக்கு மேலும் சில அடி எழும்பி, திரும்பி, சக்கரம் நான்கும் சுவரில் படும்படி இறங்க வேண்டும். தவறினால் காற்றிலேயே பலகையை உதறிவிட்டு, முழங்கால் கவசங்களின் பிளாஸ்டிக் முகப்பில் மண்டியிட்டுச் சறுக்கி வர வேண்டும். இந்த விழும் முறையைக் கற்காதவர் வெர்ட்டில் நிலைக்க முடியாது. ஒரு சுற்று முக்கால் நிமிடம் ஓடும், அதில் இதைப் பலமுறை செய்கிறார்கள். பெண்கள் ஆடியது அதே ராம்பில், அதே உயரத்தில். முழங்கால் சவ்வு கிழிந்தால் அமெரிக்க மருத்துவமனை தரும் ரசீதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற சலுகை இல்லை.

தரம் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. ஆண்கள் வெர்ட்டின் நட்சத்திரமான டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றும் 900ஐ எக்ஸ் கேம்ஸில் செய்தது 1999இல். 1984இல் மைக் மெக்கில் கண்டுபிடித்த, ஒன்றரைச் சுற்று சுற்றும் 540 மெக்ட்விஸ்ட்டை ஒரு பெண் முதலில் செய்தது 2009இல், அதே லின்-ஸீ ஹாக்கின்ஸ். கால் நூற்றாண்டு இடைவெளி. பர்ன்ஸைடின் காலத்தில் பெண்கள் ஆட்டம் ஆண்களின் ஆட்டத்துக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன். பர்ன்ஸைட் தரப்பின் வாதமும் அதுவாக இருக்கவில்லை.

அவர்கள் கேட்டதன் உள்ளடக்கம் வேறு. எக்ஸ் கேம்ஸ் அன்று ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தானே உருவாக்கி, தானே ஒளிபரப்பி, விளம்பரம் விற்ற நிகழ்ச்சி. நுழைவுச்சீட்டு விற்ற பணத்தைப் பிரித்துக்கொள்ளும் பந்தயம் அல்ல. யாருக்கு எத்தனை நிமிடம் திரையில் இடம் என்று முடிவு செய்பவரும், யாருக்கு எவ்வளவு பரிசு என்று முடிவு செய்பவரும் ஒரே முதலாளி. பெண்கள் சுற்றைக் காட்டாமல் விட்டால் பார்வையாளர் இல்லை, பார்வையாளர் இல்லையென்றால் ஸ்பான்சர் இல்லை, ஸ்பான்சர் இல்லாதவள் பகலில் உணவகத்தில் வேலை பார்த்துவிட்டு மிஞ்சும் நேரத்தில்தான் பயிற்சி செய்வாள், அவளது ஆட்டம் அதற்கேற்றபடிதான் இருக்கும். அதன்பின், தரம் குறைவு என்பதால் பரிசு குறைவு என்று சொல்வது, முதலீடே செய்யாத கிளையிடம் ஆண்டு முடிவில் லாபம் எங்கே என்று கேட்பதற்குச் சமம். உங்கள் தொழிலில் இந்தக் கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

2005இல் பர்ன்ஸைடும் சக வீராங்கனை மிமி நூப்பும் சேர்ந்து ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ் என்ற வீராங்கனைகள் அமைப்பை உருவாக்கினார்கள். போட்டியைப் புறக்கணிப்போம் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு ஈஎஸ்பிஎன் அவர்களோடு உட்கார்ந்து பேசியது. தொலைக்காட்சியில் இடமும் பரிசும் படிப்படியாகக் கூடின. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசு என்ற அறிவிப்பு 2008இல் வந்து, 2009 போட்டியிலிருந்து நடப்புக்கு வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகையைவிட அந்த அமைப்புதான். மெக்கீயோ ஓகியோ தனி ஆட்களாக வென்றார்கள், சரிவு வந்தபோது தனி ஆட்களாகவே காணாமல் போனார்கள். பர்ன்ஸைடின் தலைமுறைதான் முதலாளியின் எதிரே ஒன்றாக உட்கார்ந்தது. புறக்கணிப்பால் யாருக்கு இழப்பு என்றும் யோசியுங்கள். பல ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஒரே பெரிய மேடை அது. பர்ன்ஸைடுக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஆடாமல் விடும் ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கிடைக்காத ஆண்டு.

சமப் பரிசு வந்ததோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவும் இல்லை. 2011இல் எக்ஸ் கேம்ஸ் பெண்கள் வெர்ட் பிரிவையே நீக்கியது. ஆண்கள் வெர்ட் அதன்பின்னும் நடந்தது. சமப் பரிசு வழங்கிய இரண்டே ஆண்டில் போட்டியே போனதைப் பார்த்து, "நான் சொன்னது சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். தொகை எவ்வளவு என்பதற்கு உறுதி வாங்கினார்களே தவிர, போட்டி தொடர்ந்து நடக்கும் என்பதற்கு அவர்களிடம் உறுதி இல்லை. முதலாளி தரும் மேடையில் அதை வாங்குவதும் எளிதல்ல. பழைய வழக்கப்படியே செலவுக் குறைப்பு பெண்கள் பிரிவில்தான் தொடங்கியது.

அந்த உறுதி வேறு பக்கத்திலிருந்து வந்தது. டோக்கியோவில் ஸ்கேட்போர்டிங் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஸ்ட்ரீட், கிண்ணம்போல் வளைந்த களத்தில் ஆடும் பார்க் என்ற இரு பிரிவுகளிலும் ஆண்களுக்கு 20, பெண்களுக்கு 20 என்று இடம் சமமாக வகுக்கப்பட்டது. பாரிஸில் அது 22 ஆயிற்று. ஆண், பெண் எண்ணிக்கை ஒலிம்பிக்கில் விதியாகவே வந்துவிட்டதால், நாட்டுக் கூட்டமைப்புகள் பெண்களுக்கும் பயிற்சியாளரை, ராம்பை, பயணச் செலவை ஒதுக்க வேண்டியதாயிற்று. டோக்கியோ பெண்கள் ஸ்ட்ரீட்டில் ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றார், பிரேசிலின் ரைஸா லியால் அதே 13 வயதில் வெள்ளி வென்றார். பர்ன்ஸைடோடு நின்று அமைப்பைக் கட்டிய மிமி நூப் அந்த ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியின் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார்.

தரத்துக்கு வருவோம். உங்கள் மகள் பார்த்த அரிசா ட்ரூ, பாரிஸுக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 மே மாதம் 900ஐச் செய்து முடித்தார். அதைச் செய்த முதல் பெண் அவர், வயது 14. பெண்களிடம் தரம் இல்லை என்று சொல்லப்பட்டதற்கும் இதற்கும் நடுவில் பெண்களின் உடலில் எதுவும் மாறிவிடவில்லை. நாள் முழுவதும் பயிற்சி செய்ய நல்ல ராம்ப், கற்றுத்தரத் தனிப் பயிற்சியாளர், போய் ஆடுவதற்கு ஆண்டு முழுவதும் போட்டிகள் என்று வசதிகள் வந்தன, ஆட்டம் பின்னாலேயே வந்தது.

உங்கள் மகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், எக்ஸ் கேம்ஸ் பெண்கள் வெர்ட் இறுதிச்சுற்றுகளின் பழைய பதிவுகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். பர்ன்ஸைட் எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்பதைவிட, தவறும் சுற்றில் பலகையை எப்போது கைவிடுகிறார், எப்படி மண்டியிட்டு இறங்குகிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலகை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கூடவே ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்